பின்வளவுக் கொட்டிலுக்கும் ஒரு காவற்கண்

லண்டனில் எம்மவர்கள் செறிந்து வாழும் ஹரோ, வெம்பிளி, ஈஸ்ற்ஹாம், குறொய்டன் போன்ற பகுதிகளில், பின்வளவில் ஒரு கொட்டில் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. இந்நாட்டவர் அதனை 'ஷெட்' என்பார்கள். அவர்களுக்கு அது புல்லு வெட்டும் மெசினும் மண்வெட்டியும் கிடக்கும் இடம். எமது மக்களுக்கோ அது அரைக் களஞ்சியம். கட்டட வேலைக்குப் போகிறவரின் துளைக்கும் மெசின்கள் அங்கேதான் இருக்கின்றன. கலியாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பவரின் கிடாரங்களும் காஸ் அடுப்புகளும் அங்கேதான். மணவறைச் சோடனை செய்பவரின் தூண்களும் பட்டுத் துணிகளும், சிறுகடை வைத்திருப்பவரின் மேலதிகச் சாமான்களும் அங்கேதான். அவை களவு போனால் ஒரு பொருள் மட்டும் போகவில்லை, அடுத்த மாத உழைப்பும் அதனோடு போகின்றது.

இந்தக் காரணத்தால் இப்போது பலர் கொட்டிலுக்கும் கமெரா பூட்டுகின்றார்கள். கடையிலிருந்து கொண்டுவந்து குசினி மேசையில் வைத்துப் பார்த்தால் படம் பளிச்சென்று தெரிகின்றது. கொட்டிலின் முகட்டில் பூட்டிவிட்டு வந்து பார்த்தால் 'இணைப்பு இல்லை' என்கின்றது. சில வேளை பகலில் வேலை செய்து இரவில் விட்டுவிடுகின்றது. பிறகு 'பூஸ்ரர்' என்ற பெயரில் விற்கும் பெட்டி ஒன்றை வாங்குகின்றோம். அதுவும் சரிவராவிட்டால் இன்னொன்று.

அறவே வேலை செய்யாத கமெராவினால் பெரிய ஆபத்தில்லை. அது வேலை செய்யவில்லை என்பது எமக்குத் தெரியும். அரைகுறையாக வேலை செய்யும் கமெராதான் ஆபத்தானது. காவல் இருக்கின்றது என்று நம்பி நாம் நித்திரை கொள்கின்றோம். தேவைப்படும் நாளில் பார்த்தால் அந்த ஒரு மணித்தியாலப் படம்தான் இல்லை. ஆகவே, காசைச் செலவழிக்க முன்பு, கமெராவின் சத்தம் எங்கே தடைப்படுகின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

குரல் ஏன் எட்டவில்லை?

வை-பை என்பது வானொலி அலைதான். வீடுகளில் அது பெரும்பாலும் இரண்டு வரிசைகளில் ஓடுகின்றது: ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ், மற்றது 5 கிகாஹேர்ட்ஸ். முதலாவதின் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர், இரண்டாவதினது அதில் பாதிக்கும் குறைவு. நீண்ட அலை சுவர்களை ஊடுருவிச் சற்றுத் தூரம் போகும். குறுகிய அலை வேகமாகத் தகவல் கொண்டு செல்லும், ஆனால் சுவரில் விரைவில் சோர்ந்துவிடும். விலை குறைந்த கமெராக்களில் பல 2.4 வரிசையில் மட்டுமே பேசுவன.

தூரம் இரட்டித்தால் அலையின் வலு பாதியாகக் குறையும் என்று பலர் நினைக்கின்றோம். உண்மையில் அது நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். அதுவும் தடையே இல்லாத வெறும் வெளியில்.

லண்டன் வீட்டில் தடைக்குக் குறைவில்லை. 1930களில் கட்டப்பட்ட இரட்டை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொலைபேசி வயர் முன்பக்கத்தால் உள்ளே வருவதால் ரவுட்டர் முன் ஹோலில் இருக்கின்றது. கொட்டிலோ வளவின் கடைசியில், இருபது இருபத்தைந்து மீற்றர் தள்ளி. இடையில் செங்கல் சுவர்கள், குசினி, குளிர்சாதனப் பெட்டி. பின்னால் புதிதாக நீட்டிக் கட்டிய அறை இருந்தால் அதுதான் பெரிய எதிரி. குளிரைத் தடுக்க அதன் சுவருக்குள் வைக்கப்படும் பலகைகளில் பெரும்பாலும் அலுமினியத் தகடு ஒட்டியிருக்கும். வெப்பம் வெளியேறாமல் இருக்க அதன் கண்ணாடிக் கதவுகளில் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு இருக்கும். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் அந்த உலோகம் வை-பை அலையையும் திருப்பி அனுப்பிவிடும். கொட்டிலின் கூரை தகரமாக இருந்தால், எஞ்சியதையும் அது தடுக்கும்.

இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். கொட்டிலடியில் நின்று கைத்தொலைபேசியில் படம் பார்க்க முடிகின்றது, கமெரா மட்டும் ஏன் திணறுகின்றது என்று கேட்பார்கள். படம் பார்க்கும்போது ரவுட்டர் பேசுகின்றது, தொலைபேசி கேட்கின்றது. கமெராவின் நிலைமை நேர்மாறு. அது ஓயாமல் பேசவேண்டும், ரவுட்டர் கேட்கவேண்டும். கமெராவின் அன்ரெனா சிறியது, குரல் மெல்லியது. கிணற்றடியில் நிற்கும் கிழவிக்கு வீட்டுக்குள்ளிருந்து நாம் உரக்கக் கத்தினால் அவவுக்குக் கேட்கும். அவ திருப்பிச் சொல்லும் மெல்லிய பதில் எமக்குக் கேட்குமா? ரவுட்டரின் குரலை மட்டும் உயர்த்தும் எந்தக் கருவியும் இதற்கு மருந்தல்ல. அத்துடன் குரலை உயர்த்தவும் எல்லை உண்டு. பிரித்தானியாவில் 2.4 வரிசையில் வை-பை கருவிகளுக்கு 100 மில்லிவாற்தான் உச்ச வரம்பு.

முதலில் அளந்து பாருங்கள்

அநேக கமெராக்களின் அமைப்புப் பக்கத்தில் அலையின் வலு ஒரு எண்ணாக இருக்கும். அது 'டிபிஎம்' என்ற அளவில், கழித்தல் குறியோடு வரும். ரவுட்டருக்குப் பக்கத்தில் -30 அளவில் இருக்கும். -60 நல்லது. அசையும் படம் தடையின்றி ஓட -67 வரை போதும். -70ஐத் தாண்டினால் தடுமாறும். -80 என்றால் இணைப்பு நூலில் தொங்குகின்றது என்று அர்த்தம். இந்த எண்ணில் 3 குறைந்தால் வலு பாதியாகின்றது, 10 குறைந்தால் பத்தில் ஒன்றாகின்றது.

ரவுட்டரிலிருந்து கொட்டில்வரை நடந்து, ஒவ்வொரு அறையிலும் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கமெராவைக் கையில் கொண்டுபோய்ப் பார்க்கலாம், அல்லது தொலைபேசியில் இதற்கான இலவசச் செயலி ஒன்றைப் பயன்படுத்தலாம். எந்த இடத்தில் எண் திடீரென விழுகின்றதோ அங்கேதான் சிக்கல். பெரும்பாலும் அது வளவுத் தூரத்தில் இல்லை, வீட்டின் பின்சுவரில்தான் இருக்கும்.

கூடவே இன்னொன்றையும் பாருங்கள். வீட்டில் நிற்கும்போது படம் நன்றாகத் தெரிந்து, வேலைத்தலத்தில் நின்று பார்க்கும்போது மட்டும் திணறினால், குற்றம் வை-பையில் இல்லை. உங்கள் இன்ரர்நெற் இணைப்பின் மேலனுப்பும் வேகம் போதவில்லை. தெளிவான படம் அனுப்ப ஒரு கமெராவுக்கு செக்கனுக்கு ஏறக்குறைய 2 முதல் 4 மெகாபிற் வரை தேவைப்படலாம். நான்கு கமெராக்கள் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

செலவில்லாத திருத்தங்களை முதலில் செய்யுங்கள். ரவுட்டரை அலுமாரிக்குள்ளிருந்தும் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னாலிருந்தும் வெளியே எடுத்து உயரத்தில் வையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 வரிசையிலேயே இயங்குவதால் அதற்கு அருகில் வைக்காதீர்கள். வரிசை வீடுகளில் அயலாரின் ரவுட்டர்கள் எல்லாம் ஒரே வாய்க்காலில் நெருக்குப்படும். 1, 6, 11 ஆகிய மூன்று சனல்களே ஒன்றில் ஒன்று மோதாதவை. இவற்றில் நெருக்கடி குறைந்ததைத் தெரிவு செய்யுங்கள்.

பூஸ்ரரை எங்கே வைப்பது?

கடைகளில் விற்கும் பூஸ்ரர் அலையைப் பெருக்குவதில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்கின்றது, அவ்வளவுதான். ஒரே வரிசையில் கேட்டு ஒரே வரிசையில் சொல்லும் மலிவான பெட்டி, கேட்கும் நேரத்தில் பேசமுடியாது. ஆகையால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். எம்மவர்கள் பலர் அதைக் கொண்டுபோய்க் கொட்டிலுக்குள்ளேயே வைக்கின்றார்கள். அங்கே அலை ஏற்கெனவே செத்துப்போய் இருக்கின்றது. சரியாகக் கேட்காதவன் எப்படிச் சரியாகத் திருப்பிச் சொல்வான்? அலை இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில், அதாவது எண் -60க்குக் கிட்ட நிற்கும் கடைசி அறையில், கொட்டிலைப் பார்த்த யன்னலோரமாக வைக்கவேண்டும். வீட்டின் பின் மேல்மாடி அறை இதற்கு நல்ல இடம். அங்குள்ள யன்னல் பழைய கண்ணாடி என்றால் இன்னும் நல்லது.

'மெஷ்' என்று விற்கப்படும் இரண்டு மூன்று பெட்டிகள் கொண்ட தொகுதி இதைவிட மேல். அவற்றில் சிறந்தவை தங்களுக்குள் பேசுவதற்கென்று தனி வரிசையை வைத்திருப்பன. பின்பெட்டியை ரவுட்டருடன் வயரால் இணைத்துவிட்டால் வேகம் பாதியாகும் பேச்சே இல்லை.

மின்சார வயர் வழியாக

சுவரில் உள்ள மின்சார வயர் வழியாகவே தகவலை அனுப்பும் சோடிக் கருவிகளும் உண்டு. ஒன்றை ரவுட்டருக்குப் பக்கத்து பிளக்கிலும் மற்றதைக் கொட்டிலின் பிளக்கிலும் செருகவேண்டும். கொட்டிலுக்கு மின்சாரம் உங்கள் வீட்டுப் பியூஸ் பெட்டியிலிருந்து போனால் இது பெரும்பாலும் வேலை செய்யும், ஆனால் வேகம் வீட்டுக்கு வீடு மாறும். நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். மின்னல் தடுப்புள்ள நீட்டு பிளக்குகள் இந்தத் தகவலை விழுங்கிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குசினியிலிருந்து நீட்டு வயரைப் புல்லுக்கு மேலால் இழுத்து ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டிருக்கும் வீடுகள் உள்ளன. மழைக்கும், புல்லு வெட்டும் மெசினுக்கும், ஓடித்திரியும் பிள்ளைகளுக்கும் நடுவில் அது உயிராபத்து. இங்கிலாந்தில் கொட்டிலுக்குப் புதிய மின்சுற்று இழுப்பதென்றால் பதிவுபெற்ற மின்தொழிலாளர் செய்யவேண்டும், அல்லது முன்கூட்டியே கவுன்சிலுக்கு அறிவிக்கவேண்டும். தெரிந்த தம்பி ஒருவர் மலிவாகச் செய்து தருவார் என்பது இந்த விடயத்தில் வேண்டாம்.

ஒன்றையொன்று பார்க்கும் இரு தட்டுகள்

வளவு நீளமாக இருந்து, தோண்டவும் முடியாது என்றால், திசைநோக்கிப் பேசும் இரு சிறு தட்டுகளைப் பூட்டலாம். ஒன்று வீட்டின் பின்சுவரில், மற்றது கொட்டிலில். இவை பெரும்பாலும் 5 வரிசையில் இயங்கும். நாலா பக்கமும் சிதறாமல் ஒரே பக்கம் பேசுவதால் நூறு மீற்றர் என்பது இவற்றுக்குப் பெரிய தூரமே அல்ல.

ஒன்றையொன்று நேராகப் பார்க்கவேண்டும் என்பதே நிபந்தனை. மாசி மாதத்தில் மரங்கள் மொட்டையாக நிற்கும்போது பூட்டினால் படம் கண்ணாடிபோல் வரும். ஆனியில் அயல்வீட்டு மரம் தழைத்து, இலையில் மழைத்தண்ணியும் நின்றால், அதே இணைப்பு சோர்ந்துவிடும். தண்ணீர் இந்த அலையை உறிஞ்சும். ஆகவே கோடைகாலத்து இலையையும் மனதில் வைத்து இடம் தெரிவு செய்யுங்கள்.

வயரே வலியது

இவ்வளவையும் சொல்லிய பின்பு எமது முடிவைச் சொல்கின்றோம். முடியுமானால் ஒரு நெற்வேர்க் வயரை இழுத்துவிடுங்கள். 'கற் 6' என்ற வயர் 100 மீற்றர் வரை எந்தச் சோர்வும் இன்றிப் பேசும். எந்த லண்டன் வளவுக்கும் அது தாராளம். மழை, இலை, அயலார் ரவுட்டர், உலோகப் பூச்சுக் கண்ணாடி எதுவும் அதை அசைக்காது.

இதில் இன்னொரு வசதி உண்டு. அதே வயரினால் கமெராவுக்கு மின்சாரத்தையும் அனுப்பலாம். 'பி.ஓ.இ' எனப்படும் இந்த முறைக்கு 2003ல் பொது நியமம் வகுக்கப்பட்டது. அதன்படி வீட்டுப் பக்கத்திலிருந்து 15.4 வாற் வரை அனுப்பமுடியும். இரவில் பார்க்கும் விளக்குள்ள சாதாரண கமெராவுக்கு அது போதும். வாங்கும்போது கமெரா இந்த முறையை ஏற்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கொட்டிலில் மின்சாரமே இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழியில்லை. இதன் அழுத்தம் குறைவாதலால் வீட்டு மின்சாரம்போல் ஆளை அடித்து வீழ்த்தும் அபாயமும் இல்லை.

வாங்கும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள். வெளியில் போடுவதற்கான தடித்த கறுப்பு உறையுள்ள வயராக இருக்கவேண்டும். உள்ளே முழுச் செம்பாக இருக்கவேண்டும். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய மலிவு வயர் மின்சாரம் கொண்டு செல்ல உகந்ததல்ல. மண்ணுக்குள் தாழ்ப்பதானால், மண்வெட்டி படாத ஆழத்தில், பிளாஸ்ரிக் குழாய்க்குள் விட்டு, மின்சார வயருக்குத் தள்ளிப் போடவேண்டும். சுவரில் துளையிடும்போது வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக இருந்தால் மழைத்தண்ணி உள்ளே வராது. கொட்டிலின் மின்சாரத்துக்கெனத் தனியாக மண்ணில் கம்பி இறக்கியிருந்தால், உலோகக் கவசமுள்ள வயரைப் போடமுன்பு மின்தொழிலாளரைக் கேளுங்கள்.

வேலியோடு வயரைக் கொண்டுபோகலாமா என்று கேட்பீர்கள். கொண்டுபோகலாம், வேலி உங்களுடையதாக இருந்தால். வேலிச் சண்டை எங்கே போய் முடியும் என்று யாழ்ப்பாணத்தவருக்கு நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அயலவருடைய வேலியில் ஆணி அடிக்கமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கமெராவுக்கும் பூட்டு வேண்டும்

2016 ஐப்பசியில் 'மிராய்' என்ற கணினிக் கிருமி, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட கமெராக்களையும் ரவுட்டர்களையும் பெருந்தொகையாகக் கைப்பற்றி, அமெரிக்காவில் பெரிய இணையத் தளங்கள் பலவற்றை மணிக்கணக்கில் முடக்கியது. உலகமெங்கும் எத்தனையோ வீடுகளின் கமெராக்கள் சொந்தக்காரருக்குத் தெரியாமலே அந்த வேலையில் ஈடுபட்டிருந்தன. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல் அல்லது இலகுவில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் வைத்து இத்தகைய கருவிகளை விற்பது சட்டத்துக்கு மாறானது. எத்தனை காலத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதையும் தயாரிப்பாளர் சொல்லவேண்டும். பழைய கமெராவை யாராவது இனாமாகத் தந்தால், முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

கமெராவுக்குள் ஒரு சிறு நினைவுத் தகடு போட்டுவிடுங்கள். இணைப்பு அறுந்த நேரத்திலும் படம் அதில் பதிவாகிக்கொண்டிருக்கும். வை-பை அலையைக் குழப்பும் கருவிகளைப் பாவிப்பது இந்நாட்டில் குற்றம். ஆனால் களவெடுக்க வருபவன் சட்டப் புத்தகத்தோடு வருவதில்லை. வயரில் ஓடும் கமெராவை அந்தக் கருவி ஒன்றும் செய்யாது. பற்றறிக் கமெரா வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் அறியவேண்டும். அலை வலுவிழந்தால் அது திரும்பத் திரும்பப் பேச முயன்று பற்றறியைக் கெதியாகத் தின்றுவிடும்.

கமெரா காட்டிக்கொடுக்கும், தடுத்து நிறுத்தாது. கொட்டிற் கதவின் கொண்டியைச் சிறு திருகாணியால் அல்ல, உட்பக்கம் முறுக்கிய போல்ற்றினால் பூட்டி, நல்ல ஆமைப்பூட்டு ஒன்று போடுங்கள். வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். கொட்டிலில் உள்ள பொருட்களுக்குப் பல காப்புறுதிகள் ஒரு சிறு தொகைக்கு மேல் கொடுப்பதில்லை. தொழிற் பொருட்களையும் கடைச் சாமான்களையும் பல அறவே சேர்ப்பதில்லை.

அயலவரின் வளவு

கொட்டில் பெரும்பாலும் எல்லையோரம் நிற்கும். அதன் முகட்டில் ஏற்றிய கமெரா உங்கள் வளவை மட்டுமா பார்க்கின்றது? உங்கள் எல்லையைத் தாண்டி அயலவரின் வளவோ தெருவோ பதிவானால், பிரித்தானியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். கமெரா இருப்பதை அறிவித்தல் மூலம் தெரியப்படுத்தவேண்டும். தேவைக்கு மேல் படத்தை வைத்திருக்கக்கூடாது. தம்மைப் பதிந்த படத்தை ஒருவர் கேட்டால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் கொடுக்கவேண்டும்.

2021 ஐப்பசியில் ஒக்ஸ்போர்ட் கவுண்டி நீதிமன்றம் இப்படியான ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. கார் களவுக்குப் பயந்து பூட்டிய கமெராக்கள்தான். அவற்றில் ஒன்று ஷெட்டில் பூட்டப்பட்டது. அயலவரின் அந்தரங்கத்துக்கு இடையூறு என்று தீர்ப்பு வந்தது. படத்தைவிடத் தூரத்துப் பேச்சையும் பிடித்துப் பதிந்த ஒலிப்பதிவையே நீதிபதி கூடுதலாகக் கண்டித்தார். ஆகவே ஒலிப்பதிவைத் தேவையில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். கமெராவைக் கீழ்நோக்கிச் சரியுங்கள். அயலவரின் பக்கத்தைக் கறுப்பாக மறைக்கும் வசதி பல கமெராக்களில் உண்டு, அதைப் பாவியுங்கள். வேறு நாடுகளில் வாழும் வாசகர்கள் தத்தம் நாட்டுச் சட்டத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சென்றிப் பொயின்ற்றைக் கடந்து பள்ளிக்கூடம் போன தலைமுறை நாம். யாரோ எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்பதை எமக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எமது பொருளைக் காக்கும் கண், பக்கத்து வீட்டுப் பிள்ளை விளையாடும் முற்றத்தைப் பார்க்கவேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கமெரா பூட்டி முடிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். மாதத்தில் ஒரு நாள் இருட்டிய பின்பு கொட்டில்வரை நடந்து போய்வாருங்கள். பிறகு அந்த நேரத்துப் பதிவை எடுத்துப் பாருங்கள். உங்கள் முகம் அடையாளம் தெரிகின்றதா, நேரம் சரியாக விழுந்திருக்கின்றதா என்று கவனியுங்கள். தெரிந்தால், அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். தெரியாவிட்டால், களவு போக முன்பே அதைக் கண்டுபிடித்ததற்காகச் சந்தோஷப்பட்டு, அடுத்த சனிக்கிழமை வயரை இழுக்கத் தொடங்குங்கள்.